மூச்சு ஒவ்வாமைக்கு வேதும் நறுமண எண்ணெயும்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இலங்கையின் வடக்கே வன்னியில் மூக்கடைத்தால் மணத்தைத் தேடிப் போவது புதிய பழக்கமன்று. நொச்சி, வேம்பு, ஆடாதோடை, பாவட்டை, தேசி இலைகளை அவித்து வேது (ஆவி) பிடிப்பதும், கோடாலித் தைலத்தில் இரண்டு துளியைத் துவாய் ஓரத்தில் விட்டு முகர்வதும், படுக்கும்போது சித்தாலேபத்தை நெஞ்சில் தேய்ப்பதும் எல்லா வீட்டிலும் உள்ளவை. இவற்றுடன் இப்போது கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பொதிகளில் யூக்கலிப்டஸ், லவண்டர், பெப்பர்மின்ட் எண்ணெய்ப் போத்தல்களும், அவற்றை நீரோடு சேர்த்துப் புகார் (மூடுபனி) போல விசிறும் சிறிய மின்கருவிகளும் வந்து சேர்கின்றன. மருந்தகத்தில் நிற்பவன் என்ற முறையில் நான் கேட்கும் முறைப்பாடுகள் பெரும்பாலும் ஒரே வகையானவை: பிடித்துப் பார்த்தோம், சுகமாக இருந்தது, பிறகு பழையபடி வந்துவிட்டது, அல்லது பிடித்த பிறகுதான் கூடிவிட்டது. எங்கே பிழைத்தது என்பதை அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பதற்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை மட்டும் வாசித்தாலும் போதும். ஆனால் முதற்பகுதியை எவரும் தாண்டிப் போகவேண்டாம்.

எதையும் முகர்வதற்கு முன்

ஒவ்வாமை என்பது உடலின் தற்காப்பு ஒழுங்கு, தீங்கற்ற தூசியையோ மகரந்தத்தையோ எதிரியாக எண்ணி, அதற்கென ஒரு வகைப் பிறபொருளெதிரியை உருவாக்கி வைத்திருப்பதால் வருவது. அந்தப் பிறபொருளெதிரியை 1966இல் இஷிசாக்கா தம்பதியினர் இனங்கண்டனர், அது ஐ.ஜி.ஈ. என அழைக்கப்படுகிறது. தூசி மூக்கின் சவ்வில் பட்டதும் அங்குள்ள சில உயிரணுக்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. அதனால்தான் தும்மல், கடி (அரிப்பு), நீரொழுக்கு, வீக்கம் யாவும் தொடங்குகின்றன. நாம் முகரும் எண்ணெய்கள் இந்தச் சங்கிலியை அறுப்பதாக நம்பத்தக்க சான்று இல்லை.

அப்படியாயின் கோடாலித் தைலத்தை முகர்ந்ததும் மூக்கு திறந்தது போல இருப்பது ஏன்? அதில் உள்ள மெந்தோல், குளிரை உணரும் நரம்பு முனைகளிலுள்ள ஒரு வாயிலைத் திறக்கிறது. குளிர்ந்த காற்று உள்ளே போகும்போது மூளைக்குக் கிடைக்கும் அதே செய்தி, காற்று கூடுதலாகப் போகாமலே கிடைத்துவிடுகிறது. மெந்தோலை முகரச் செய்து மூக்கின் காற்றுத் தடையை அளந்து பார்த்த ஆய்வுகளில், தடை குறையவில்லை, ஆனால் சுகமாக மூச்சுப் போகிறது என்று முகர்ந்தவர்கள் சொன்னார்கள். 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவரும் தனித்தனியே அந்தக் குளிர் வாயிலைக் கண்டறிய மெந்தோலைத்தான் பயன்படுத்தினர்.

இந்த ஆறுதலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மூக்கடைத்து உறக்கமில்லாமல் கிடப்பவருக்கு அது பெரிய உதவி. 2016இல் கொரியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆண்டு முழுவதும் மூக்கு ஒவ்வாமை உள்ள 54 பேரில் ஒரு பகுதியினர் சந்தனம், ஜெரேனியம், ரவென்சாரா எண்ணெய்களை மிகவும் நீர்க்கச் செய்து, நாளுக்கு இரு தடவையாக 7 நாட்கள் முகர்ந்தபோது, மூக்கின் தொல்லையும் உறக்கமும் சற்று மேம்பட்டன. ஆய்வு சிறியது, காலமும் குறுகியது. ஆயினும் குறைந்த செறிவில் முகர்ந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: மணம் எரிச்சலூட்டும் வரை ஊற்றினால்தான் வேலை செய்யும் என்ற எண்ணம் ஆழமாகப் பதிந்துள்ளது.

ஆகவே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டு மேலே செல்லுங்கள். தொல்லை மூக்கிலா, நெஞ்சிலா? நெஞ்சு இறுகுதல், இழுப்பு, மூச்செடுக்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே நெஞ்சு பற்றிய பகுதிக்குப் போங்கள்.

மூக்கு அடைத்திருக்கிறது, தும்மல் அதிகமில்லை

நறுமணமும் ஆவியும் பயன்படக்கூடிய இடம் இதுதான். ஆவியின் ஈரம் உலர்ந்து ஒட்டிய சளியை இளக்குகிறது, மணம் மூச்சுப் போகும் உணர்வைத் தருகிறது.

செய்முறையில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. எரியும் அடுப்பின் மேல் குனிந்து வேது பிடிப்பவர்களை இன்றும் காணலாம். விறகின் புகையும் அந்த ஆவியோடு சேர்ந்து மூக்கினுள் போகிறது என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பிலிருந்து இறக்கி, புகையில்லாத அறைக்குக் கொண்டுசென்று, அகன்ற அடியுள்ள கனமான சட்டியில், ஆடாத மேசையின் மேல் வைக்கவேண்டும். மடியிலோ கட்டிலிலோ வைக்கலாகாது. வேது பிடிக்கையில் சட்டி கவிழ்ந்து தொடை வெந்து வைத்தியசாலைக்குப் போவோர் எல்லா ஊரிலும் உண்டு. சில நிமிடம் ஆறவிட்டு, முகத்தை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, 5 முதல் 10 நிமிடம் மூக்கால் மெதுவாக மூச்செடுக்கவும். முகத்தில் சுடுகிறது என்றால் கிட்ட இருக்கிறீர்கள் என்று பொருள்.

இலை போடுவதானால் கழுவிய ஒரு பிடி போதும். வீதியோரத்து நொச்சியைப் பறிப்பவர்கள் அதன் மேல் படிந்திருக்கும் கிறவல் தூசியைக் கவனிக்கவேண்டும்: இலையின் மேற்புறத்தை விரலால் வழித்தால் செம்மண் விரலில் ஒட்டும், அடிப்புறம் சாம்பல் வெள்ளையாகச் சுத்தமாகவே இருக்கும். எந்தத் தூசிக்காக வேது பிடிக்கிறோமோ அதையே அவித்து முகர்வதில் பொருளில்லை. எண்ணெய் விடுவதானால் ஒரு லீற்றர் நீருக்கு 2 அல்லது 3 துளிக்கு மேல் வேண்டாம். எண்ணெய் நீரில் கரையாமல் மேலே மிதந்து, சூடான நீரில் முதல் நிமிடத்திலேயே பெருமளவு ஆவியாகிவிடும். ஆதலால் துளியை விட்டவுடன் குனியாமல் சற்றுப் பொறுப்பது நல்லது. இலையும் எண்ணெயும் தைலமும் ஒரே சட்டியில் சேரவேண்டிய தேவை இல்லை.

வேது பிடித்து முடிந்ததும் மூக்கைச் சீறிச் சுத்தம் செய்யுங்கள். இளகிய சளியை வெளியேற்றாமல் படுத்தால் செய்த வேலை பாதிதான்.

வேது பிடித்தால் திறக்கிறது, அரை மணி நேரத்தில் மறுபடி அடைக்கிறது

இதற்குத்தான் அதிகம் பேர் வழி கேட்கிறார்கள். பொதுவாகக் காரணம் மூன்றில் ஒன்று.

முதலாவது, அடைத்திருப்பது சளியன்று, வீங்கிய சவ்வு. ஆவி சளியை இளக்குமேயன்றி ஒவ்வாமையால் வந்த வீக்கத்தை இறக்காது. சீறும்போது ஒன்றும் வராமல், அப்படியிருந்தும் மூக்கு இறுகியிருந்தால் இதுவே காரணம் எனக் கொள்ளலாம். இதற்கு உப்புநீரால் மூக்கைக் கழுவுவது வேதைவிட நல்ல பலன் தருவதை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டியிருக்கும் தூசியையும் மகரந்தத்தையும் அது நேரடியாக வெளியேற்றுகிறது. கொதித்தாறிய அரை லீற்றர் நீரில், தலைதட்டிய தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பைக் கரைத்து, ஊசியில்லாத சிறிஞ்சினால், தலையை முன்னுக்கும் பக்கத்துக்கும் சாய்த்து, வாயால் மூச்செடுத்தபடி ஒரு துவாரத்தில் மெதுவாக விட, மறு துவாரத்தால் அது வழியும். கிணற்று நீரையோ குளத்து நீரையோ கொதிக்க வைக்காமல் மூக்கினுள் விடவே கூடாது. நன்னீரில் வாழக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கின் வழியாக மூளையை அடையும். அது மிக அரிது, ஆனால் வந்தால் உயிர் தப்புவோர் சொற்பம். கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் நீரை நம்பி இதில் சலுகை எடுக்கவேண்டாம்.

அந்த உப்புநீரில் ஒரு துளி யூக்கலிப்டஸ் விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விடக்கூடாது, எந்த நறுமண எண்ணெயையும் மூக்கினுள் நேரே விடக்கூடாது. சவ்வு வெந்து போகும், எண்ணெய்த் துளி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகும். அதே காரணத்தால் நெபுலைசர் கருவியின் கிண்ணத்திலும் எண்ணெய் விடலாகாது.

இரண்டாவது காரணம், மூக்கில் விடும் அடைப்பு நீக்கித் துளிமருந்து. சைலோமெற்றாசோலின், ஒக்சிமெற்றாசோலின் போன்றவை சில நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் தீர்ந்தவுடன் சவ்வு முன்னையைவிடக் கூடுதலாக வீங்கத் தொடங்கும். அப்போது அடைப்பை உண்டாக்குவது மருந்தேயாகும். இத்தகைய துளிமருந்தை வாரக்கணக்கில் விட்டுக்கொண்டு, போதாததற்கு வேதும் பிடிப்பவருக்கு எந்த இலையும் உதவாது. வைத்தியரிடம் சொல்லி, அதை நிறுத்தி, மூக்கில் விசிறும் ஸ்டீரொய்ட் மருந்துக்கு மாறவேண்டும். அந்த மருந்து முகர்ந்தவுடன் எதையும் காட்டாது; முழுப் பயனும் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். மணத்தின் உடனடி ஆறுதலுக்குப் பழகியவர்கள் அதை இரண்டாம் நாளே எறிந்துவிடுகிறார்கள் என்பதே என் மனக்குறை.

மூன்றாவது, காரணம் அறைக்குள்ளேயே இருப்பது. வேது பிடித்து முடித்து அதே தும்பு மெத்தையில், அதே தலையணையில் போய்ப் படுத்தால் அரை மணி நேரத்தில் அடைக்காமல் என்ன செய்யும்? இதற்கு இரவு பற்றிய பகுதியைப் பார்க்கவும்.

ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது

ஒவ்வாமை பெரும்பாலும் இரு பக்கத்தையும், அல்லது மாறி மாறி ஒவ்வொரு பக்கத்தையும் அடைக்கும். எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் வேது பிடித்துக் காலத்தைக் கடத்தவேண்டாம். சிறு பிள்ளைக்கு ஒரு பக்கத்தால் நாறும் சளி வடிந்தால், குன்றிமணியோ புளியங்கொட்டையோ மணியோ உள்ளே போயிருக்கக்கூடும். பெரியவர்களில் தசை வளர்ச்சியோ நடுச்சுவரின் வளைவோ இருக்கலாம். இரத்தமும் வந்தால் உடனே காட்டவேண்டும்.

அடுக்குத் தும்மல், நீராய் ஓடும் மூக்கு, கடிக்கும் கண்

இங்கே ஆவியும் மணமும் பெரும்பாலும் எதிராகவே வேலை செய்யும். மூக்கு ஏற்கெனவே தண்ணீராய் ஓடுகிறது. சவ்வு சிறு தூண்டலுக்கும் துடிக்கும் நிலையில் இருக்கிறது. அதன் மேல் மெந்தோலும் கற்பூரமும் பட்டால் தும்மலும் கண்ணீரும் கூடும். ஆகவே எண்ணெயை மூடி வைத்துவிட்டு, தும்மலை எழுப்புவது எது என்று தேடுங்கள். வன்னியில் அதற்கு ஆண்டின் காலமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

தை மாதக் கடைசியிலிருந்து பங்குனி வரை தொடங்குமானால், காலபோக நெல் அறுவடையான அருவி வெட்டின் தூசியை முதலில் சந்தேகிக்கலாம். வெட்டு இயந்திரம் ஒரு வயலில் இறங்கினால், சப்பியும் நெல்மயிரும் கூளமும் சேர்ந்து எழும் மஞ்சள் மூட்டம் காற்று வாக்கில் அடுத்த வளவுகள் வரை போகும். நெல்லை வீதியில் பரப்பிக் காயவிடும் நாட்களில் அதுவே வீட்டு வாசலிலும் எழுகிறது. வைகாசி தொடங்கித் தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் கூடுமானால், கிறவல் வீதிகளின் புழுதியும், காய்ந்த குளத்து மண்ணும், களைகளின் மகரந்தமும் சேர்ந்து வருகின்றன. கார்த்திகை, மார்கழி மழையில் கூடுமானால் சுவரிலும் கிடுகிலும் உடுப்பு அலுமாரியிலும் பிடித்த பூஞ்சணத்தைத் தேடுங்கள். ஆண்டு முழுவதும் ஒரேயளவில் இருந்தால் காரணம் வீட்டினுள் இருக்கிறது.

பாத்தீனியத்தைத் தனியே சொல்லவேண்டும். வவுனியாவில் வீதியோரங்களிலும் வெற்றுக் காணிகளிலும் வெள்ளைப் பூவோடு நிற்கும் அந்தக் களை, தோலுக்கும் மூச்சுக்கும் ஒவ்வாமை தருவது. அதைக் கையுறையின்றிப் பிடுங்குவோருக்குக் கையில் கடியும், பிறகு மூக்கில் நீரும் வருவதுண்டு. இதனால் பாதிக்கப்படுபவர்கள் கெமோமைல் எண்ணெயைத் தவிர்ப்பது நல்லது. அதுவும் பாத்தீனியமும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒன்றுக்கு ஒவ்வாத உடல் மற்றதற்கும் எழும்பக்கூடும். ஒவ்வாமைக்கு மென்மையான எண்ணெய் எனப் பொதிகளில் வருவதில் கெமோமைல்தான் முன்னிற்கிறது என்பது வேடிக்கை.

செய்யவேண்டியவை எளிமையானவை. தூசி வேலைக்கு முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 வகை முகக்கவசம் அணியவும். தோளில் கிடக்கும் துவாயை முகத்தில் சுற்றுவது பெரிய தூசியை மட்டுமே தடுக்கும். வேலை முடிந்ததும் உடுப்பை வீட்டுக்கு வெளியே களைந்து, தலையில் வார்த்து, முகம் கழுவி, மூக்கையும் உப்புநீரால் கழுவிய பின்னரே கட்டிலுக்குப் போகவும். தும்மலுக்கும் கண்கடிக்கும் ஹிஸ்டமின் எதிர்ப்புக் குளிகைகள் வேலை செய்யும். மலிவாகக் கிடைக்கும் குளோர்பெனிரமின் நித்திரையைத் தரும். அதை விழுங்கிவிட்டு மோட்டார் சைக்கிளோ உழவு இயந்திரமோ ஓட்டலாகாது. செற்றிரிசின், லொராற்றடின் ஆகியவற்றில் அந்தத் தொல்லை குறைவு. எது பொருத்தம் என்பதை உங்கள் வேறு நோய்களைச் சொல்லிக் கேட்டறியுங்கள்.

மணத்தை முகர்ந்தவுடனேயே தும்மலோ இருமலோ கூடுகிறது

முதலில் அளவைக் குறையுங்கள். குறைத்தும் கூடினால் நிறுத்துங்கள். உங்கள் மூக்குக்கு அந்த மணம் ஒரு மருந்தாக இல்லை, இன்னொரு தூண்டலாகவே இருக்கிறது.

அளவு பிழையில்லாவிட்டால் போத்தலைப் பாருங்கள். உண்மையான நறுமண எண்ணெயின் லேபிளில் தாவரத்தின் தாவரவியற் பெயரும் எந்தப் பகுதியிலிருந்து வடித்தது என்பதும் இருக்கும். வாசனை எண்ணெய் என்று மட்டும் எழுதியிருந்தால், அது சவர்க்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் செய்த செயற்கைக் கலவையாக இருக்கக்கூடும். வெள்ளைக் கடதாசியில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வைத்துப் பாருங்கள். யூக்கலிப்டஸ், எலுமிச்சை போன்ற மெல்லிய எண்ணெய்கள் ஏறக்குறையத் தடயமில்லாமல் போய்விடும். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் எண்ணெய்க் கறை எஞ்சினால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது. சந்தனம், வெட்டிவேர் போன்ற கனத்த எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

தூய எண்ணெயும் பழுதாகும். எலுமிச்சை, தோடை, லவண்டர் எண்ணெய்களிலுள்ள லிமொனின், லினலூல் ஆகியவை காற்றோடு சேர்ந்து மாறும்போது உண்டாகும் பொருட்கள், தூய எண்ணெயைவிட அதிகமாக ஒவ்வாமையைத் தூண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, யன்னல் ஓரத்துத் தட்டில், பாதி வெறுமையான போத்தல் மூடி தளர்ந்து கிடந்தால் அந்த மாற்றம் விரைவாக நடக்கும். கருநிறப் போத்தலில், இறுக மூடி, வீட்டின் குளிர்ந்த இருளான இடத்தில் வைக்கவேண்டும். திறந்து ஒரு வருடம் கடந்த எலுமிச்சை வகை எண்ணெயை மூக்குக்குப் பயன்படுத்தாமல் நிலம் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

புகார் விசிறும் கருவி வைத்திருப்போர் யன்னலைத் திறந்து வைத்து, 15 முதல் 30 நிமிடம் ஓடவிட்டு நிறுத்தவேண்டும். இரவு முழுவதும் ஓடவிடுவதால் மணத்தின் செறிவும் அறையின் ஈரமும் கூடுகின்றன. நீரை நாள்தோறும் மாற்றி, தாங்கியைத் துடைத்து உலரவிடாவிட்டால் பூஞ்சணத்தையும் அதுவே விசிறும்.

சிறிது நேரத்தில் மணமே தெரியாமல் போகிறது என்று மேலும் துளிகளைச் சேர்ப்பவர்கள் உண்டு. மூக்கு எந்த மணத்துக்கும் விரைவில் பழகிவிடும். எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. வாரக்கணக்கில் எந்த மணமும் தெரியவில்லையென்றால் அது வைத்தியரிடம் சொல்லவேண்டிய தனி அறிகுறி.

இரவிலும் விடியற்காலையிலும் மட்டும்

படுக்கும் இடத்தை ஆராயுங்கள். தலையணையிலும் மெத்தையிலும் வாழும், கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகளின் கழிவே வீட்டினுள் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. லவண்டரைத் தலையணையில் தெளிப்பதால் அவை போய்விடா. ஈரத்தால் பெருகவும் கூடும். விரிப்பையும் உறையையும் வாரத்துக்கு ஒரு தடவை, கை தாங்காத சூட்டு நீரில், அதாவது ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் தோய்த்து, நமக்குக் குறைவில்லாத வெயிலில் மொரமொரவென்று காயவிடவும். பழைய தும்பு மெத்தையை வைத்திருப்பதைவிடப் பாயில் படுப்பது எவ்வளவோ மேல்.

அடுத்தது புகை. பொழுதுபட்டதும் நுளம்புச் சுருள், விளக்கு வைத்ததும் சாம்பிராணி, முற்றத்தில் வேப்பிலைப் புகை என்று மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டினுள் நிறைகின்றன. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒரு நுளம்புச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் எனக் கணித்தது. அந்த அறையில் படுப்பவருக்கு யூக்கலிப்டஸ் எண்ணெய் என்ன செய்துவிடும்? நுளம்பு வலையே மூக்குக்கு ஏற்ற வழி. சாம்பிராணியை விட மனமில்லாதவர்கள் படுக்கையறையையாவது விலக்கி, தும்முபவர் வெளியே இருக்கும் நேரத்தில் காட்டலாம். நறுமணம் என்ற பெயரில் வந்தாலும் புகை புகையே.

அடுப்படி படுக்கையறையோடு ஒட்டியிருந்தால், விடியற்காலைத் தும்மல் அடுப்பு மூட்டும் நேரத்தோடு பொருந்துகிறதா என்று ஓரிரு நாள் கவனியுங்கள்.

நெஞ்சு இறுகுகிறது, இழுப்புச் சத்தம் கேட்கிறது

இது முட்டு, தொய்வு என்று நாம் சொல்லும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு அதுவும் சேர்ந்தே இருக்கும். இங்கே வேது, தைலம், புகார்க் கருவி எதுவும் வேண்டாம். கடுமையான மணமே சிலருக்கு மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். மெந்தோல் தரும் பொய்யான ஆறுதல், நிலைமை மோசமாவதை மறைத்து நேரத்தைத் தின்றுவிடும். நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு விடியும்வரை பொறுத்திருப்பதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்.

வைத்தியர் தந்த நீல நிற இன்ஹேலர் இருந்தால், அவர் சொல்லித் தந்தபடி, இடைக்குழாயுடன் இழுக்கவேண்டும். ஒரு வசனத்தை முழுமையாகப் பேச முடியாமை, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்வாங்குதல், உதடு நீலம் பாய்தல், மயக்கம், இன்ஹேலர் இழுத்தும் தணியாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சை வரவழைக்கவும், அல்லது கிடைக்கும் வாகனத்தில் கிட்டிய வைத்தியசாலைக்குப் புறப்படவும். சத்தமாக இருந்த இழுப்பு திடீரென அடங்கி, நோயாளி களைத்துப் போனால் அது தேறுதலாக இராது; காற்றுப் போவதே குறைந்துவிட்டது என எண்ணவேண்டும். உட்பிரதேசங்களிலிருந்து கிளிநொச்சி வைத்தியசாலைக்கோ மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு வைத்தியசாலைக்கோ வருவதற்குச் செலவாகும் நேரத்தையும் கணக்கிட்டு முன்கூட்டியே புறப்படுவது அவசியம்.

யூக்கலிப்டஸ் ஆஸ்துமாவுக்கு நல்லது என்று ஆய்வு சொல்கிறதே என்பார்கள். 2003இல் ஜேர்மனியில் 32 நோயாளர்களிடம் நடந்த ஆய்வில், யூக்கலிப்டஸ் எண்ணெயின் முதன்மைக் கூறான சினியோலைத் தனியே பிரித்துக் குளிகையாகக் கொடுத்தபோது, அவர்கள் விழுங்கிவந்த ஸ்டீரொய்ட் மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது. அளந்து செய்த குளிகையை வைத்தியரின் கண்காணிப்பில் கொடுத்தார்கள். போத்தலிலுள்ள எண்ணெயைக் குடிப்பதற்கு அது சான்றாகாது. யூக்கலிப்டஸ் எண்ணெய் சில மில்லிலீற்றர் வயிற்றினுள் போனாலே சிறுபிள்ளைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம்.

ஆஸ்பிரின் போன்ற வலிநிவாரணிகளால் முட்டு எழும்புபவர்கள், மெதைல் சலிசிலேற் கலந்த தைலங்களைப் பரவலாகப் பூசுவதைத் தவிர்க்கவேண்டும். அது ஆஸ்பிரினின் உறவுப்பொருள், தோல் வழியாகவும் உடலினுள் செல்லும். கோடாலித் தைலத்திலும் அது உண்டு.

பூசிய இடம் சிவந்து எரிகிறது

நீர்க்கச் செய்யாமல் பூசியதே பெரும்பாலும் காரணம். முதலில் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவித் துடைத்து, பின் சவர்க்காரத்தால் கழுவவும். வெறும் நீர் எண்ணெயைப் பரப்பிவிடும். அடுத்த முறை 10 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு 2 துளி என்ற அளவுக்கு மேல் வேண்டாம். மூக்குத் துவாரத்தின் கீழே பூசும் வழக்கத்தை விட்டு, சட்டைக் கழுத்திலோ கைக்குட்டையிலோ விடுவது தோலுக்குப் பாதுகாப்பு. கடியும் கொப்புளமும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தோன்றினால் அந்த எண்ணெய்க்கே உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டது. அளவைக் குறைத்தும் அதைத் திரும்பத் தொடவேண்டாம்.

குழந்தைக்கு

2 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மெந்தோல், கற்பூரம், யூக்கலிப்டஸ் எதுவும் வேண்டாம், பூசவும் வேண்டாம், முகரவும் வேண்டாம். மூக்கருகே கடுமையான மணம் பட்டால் கைக்குழந்தையின் மூச்சு சற்று நேரம் நின்றுவிடக்கூடும். தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும், கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டுவதும் நம் பாட்டிமாரின் பாசத்தால் வந்தவை. ஆனால் கற்பூரம் சிறிதளவு வாய்க்குள் போனாலே சில நிமிடங்களில் வலிப்பை உண்டாக்க வல்லது. பூசைத்தட்டில் இருக்கும் கற்பூரப் பெட்டியும் அந்த வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். குளிக்க வார்க்கும் நாளில் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும் அதே அளவு தீங்கானது. எண்ணெய் நுரையீரலில் இறங்கி நாட்பட்ட அழற்சியை உண்டாக்கும்.

குழந்தையின் அடைத்த மூக்குக்கு மருந்தகத்தில் கிடைக்கும் உப்புநீர்த் துளிகள் போதுமானவை. ஆவி பிடிக்க வைப்பது எந்தச் சிறுபிள்ளைக்கும் ஏற்றதன்று. கொதிநீர்ச் சட்டியும் துருதுருக்கும் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கலாகாது. வலிப்பு நோயுள்ள பெரியவர்களும் கற்பூரத்தையும் யூக்கலிப்டசையும் விலக்கவேண்டும். கர்ப்பிணிகள் எதையும் தாமாகத் தொடங்காமல் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது நல்லது.

வைத்தியரிடம் போகும்போது

மேற்சொன்னவற்றை ஒழுங்காகச் செய்தும் இரண்டு, மூன்று வாரத்தில் குறையாவிட்டால், அல்லது உறக்கமும் வேலையும் பள்ளிக்கூடமும் கெடுகின்றன என்றால், வைத்தியசாலைக்குப் போகவேண்டும். போகும்போது பயன்படுத்திய போத்தல்கள், தைலங்கள், துளிமருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்; சித்த வைத்தியரிடம் பெற்ற எண்ணெயும் அதில் இருக்கட்டும். தொல்லை தொடங்கிய மாதம், நாளின் எந்த நேரத்தில் கூடுகிறது, அப்போது என்ன காற்று வீசியது, வயலில் என்ன வேலை நடந்தது, வீட்டில் என்ன புகை இருந்தது என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டால், வெளிநோயாளர் பிரிவில் கிடைக்கும் சில நிமிடத்தில் வைத்தியருக்கு அதுவே பெரிதும் உதவும். குடும்பத்தில் வேறு எவருக்கேனும் முட்டோ தோல் கரப்பனோ இருந்தால் அதையும் கேளாமலே சொல்லிவிடுங்கள்.